தாத்தா போன வழியில் எட்டு நாள்

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது, “அவரை ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டான்” என்று சொல்லி, பிறகு வேறு பேச்சுக்குப் போனது உண்டா? எங்கள் வீட்டில் உண்டு. சிறுவயதில் சயாம் என்றால் ஏதோ ஏழு கடல் தாண்டிய ஊர் என்று நினைத்திருந்தேன். பினாங்கிலிருந்து காரில் புறப்பட்டால் மூன்று மணி நேரத்துக்குள் எல்லையை மிதித்துவிடலாம் என்பது பெரியவளான பிறகுதான் புரிந்தது. 2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் அந்த வழியில் போய் வந்தோம். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சற்றே என்னோடு வாருங்கள்.

அப்பா கேட்ட ஒரு பிடி மண்

என் அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் குலை பொறுக்கி, இப்போது ஜார்ஜ்டவுனில் என் தம்பியின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1943-ஆம் ஆண்டில், தாத்தாவைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு என்று முதலில் ஆசை காட்டினார்களாம். ஆள் சேரவில்லை என்றதும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்துப் போனார்களாம்.

மூன்று மாதம் மூன்று வருடமாயிற்று. யுத்தம் முடிந்த பிறகு அடுத்த தோட்டத்துக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். “ஆத்தோரமா பேதி கண்டு படுத்திருந்தாரு. அடுத்த நாள் எங்களை வேற காம்புக்கு ஓட்டிட்டாங்க. அப்புறம் பார்க்கல” என்று சொன்னார். அவ்வளவுதான் சேதி. பாட்டி கடைசி வரையில் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. “போயிட்டாருன்னு யாரும் வந்து சொல்லலையே” என்பார். இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. மகாளய அமாவாசை அன்று பொதுவாக ஒரு படையல் போடுவதோடு சரி.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, என்னால இனிமே அவ்வளவு தூரம் போக முடியாது. நீ ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வா. ஒரு புடி மண்ணு கொண்டாந்து குடு” என்றார். பெற்றவர் வாய் திறந்து எதையும் கேட்டுப் பழகாதவர். அன்றே முடிவு செய்துவிட்டோம்.

என் வீட்டுக்காரர் செம்பனை லாரி ஓட்டுகிறவர். “டீச்சர், நீ வழியைப் படி, நான் காடியை ஓட்டுறேன்” என்றார். எங்கள் கார் பன்னிரண்டு வயதைத் தாண்டியது. அதைக் கொண்டு சயாமுக்கா என்று பள்ளியில் எல்லாரும் சிரித்தார்கள். நான் பூகோளப் படத்தைப் பிரித்துவைத்து, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நாள்வாரியாக வழி எழுதினேன். பினாங்கிலிருந்து காஞ்சனபுரி ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல்!

பினாங்கிலேயே ஒரு சயாம்

புறப்படுவதற்கு முதல் நாள் அப்பாவை அழைத்துக்கொண்டு லோரோங் பர்மாவில் உள்ள சயாமியர் கோயிலுக்குப் போனோம். 1845-இல் தோன்றிய கோயில் அது. உள்ளே 33 மீட்டர் நீளத்தில் சாய்ந்து படுத்திருக்கும் புத்தர் சிலை இருக்கிறது. எத்தனையோ முறை சுற்றுலாப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். இந்தத் தடவைதான் அதன் முன் நின்று வேண்டிக்கொண்டேன். பிறகு குவீன் தெருவில், 1833-லிருந்து இருந்து வரும் மகாமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை. அப்படியே லிட்டில் இந்தியாவில் விபூதி, சூடம், ஊதுவத்தி, வழிக்கு முறுக்கு, புளிச்சாதத்துக்குப் புளி எல்லாம் வாங்கினோம்.

சயாமும் நாமும் அந்நியர் அல்லர். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் 1909 உடன்படிக்கை வரையில் சயாமின் ஆதிக்கத்தில் இருந்தவை. ஜப்பானியர் அவற்றை 1943-இல் மறுபடியும் சயாமிடம் கொடுத்தனர். 1945-இல் அவை திரும்பி வந்தன.

முன்பெல்லாம் காரைப் பெரியில் ஏற்றிக் கடலைக் கடப்போம். 2021-லிருந்து பெரியில் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். ஆகவே, சனிக்கிழமை விடியற்காலை 1985-இல் திறந்த பாலத்தின் மேல் ஏறினோம். அதன் நீளம் பதிமூன்றரை கிலோமீட்டர். கிழக்கே வெளுத்தது. அப்பா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து, பாலம் முடியும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

எல்லையைத் தாண்டினோம்

அலோர்ஸ்டார் வயல்வெளியைத் தாண்டி, சங்லூனில் பசியாறிவிட்டு, அங்கேயே தாய்லாந்துக்கான வண்டிக் காப்புறுதியும் எடுத்துக்கொண்டோம். நம் ஊர்க் காப்புறுதி அங்கே போதாது. புக்கிட் காயு ஈத்தாமில் நம் அதிகாரி முத்திரை குத்தினார். அந்தப் பக்கம் சடாவ். கார் என் வீட்டுக்காரர் பேரிலேயே இருந்ததால் வண்டிக்கான தாள்களைச் சிக்கலின்றிக் கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் மாமனார் காரில் வந்து, சம்மதக் கடிதம் இல்லாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன். பாவம், பிள்ளைகள் அழுதுகொண்டே போனார்கள்.

கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினோம். சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் பலகைகளில் உள்ள எழுத்தைக் கண்டுதான் திகைத்துப் போனேன். முப்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நான், முதல் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைபோல் விழித்தேன். நல்ல வேளையாக, பெரிய சாலைகளில் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். அன்றிரவு ஹாட்யாயில் தங்கினோம்.

அந்த ஹாட்யாய் ரயில் நிலையத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மலாயாவிலிருந்து ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, பாடாங் பெசார் வழியாக இந்தத் தண்டவாளத்தில்தான் வடக்கே கொண்டு போனார்கள். நாங்கள் குளுகுளு அறையில் தூங்கினோம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சயாமின் முதல் பால்மரம்

இரண்டாம் நாள் கொஞ்சம் சுற்றுவழி. இதை நம்மவர்களுக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தலுங்கிலிருந்து திராங்குக்குப் போகும் சாலை மலைமேல் வளைந்து வளைந்து ஏறுகிறது. இரண்டு பக்கமும் பச்சைக் காடு. மழை பெய்து ஓய்ந்த பிறகு மலையிலிருந்து புகைபோல் மஞ்சு எழும்பிற்று. “இதுக்குப் பேர்தான் சடக்கு!” என்று என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். இறங்கினால் எங்கு பார்த்தாலும் பால்மரம்!

இயற்கை ரப்பர் உற்பத்தியில் இன்று உலகத்தில் முதலிடம் தாய்லாந்துக்குத்தான். நம் ஊரில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்டோம். அங்கே சிறு தோட்டக்காரர்களின் வீட்டுப் பின்னாலேயே பால்மரம் நிற்கிறது. நடுஇரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாக வெட்டப் போகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து, உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, வீட்டு வேலியில் துணிபோல் காயப்போடுகிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது. பிரட்டுக்குப் பிந்தாமல் ஓடிய அம்மாவின் சட்டையில் இதே வாடைதான் இருக்கும். நாற்றம் என்று மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எனக்கு அது வீட்டு வாடை.

திராங்கிலிருந்து தெற்கே, கந்தாங் என்னும் சிறு துறைமுக ஊரில், சயாமில் முதன்முதலாக நட்ட பால்மரங்களில் ஒன்றைச் சாலையோரத்தில் வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். நட்டது 1899-இல் என்கிறார்கள். கொண்டுவந்தவர் திராங்கின் ஆளுநராக இருந்த கோ சிம் பீ. அவருடைய கோ குடும்பத்துக்குப் பினாங்கில் பெரிய வியாபாரமும் வீடும் இருந்தன. 1913-இல் கந்தாங்கில் சுடப்பட்டு, கடைசியில் பினாங்கில்தான் உயிர்விட்டார். அங்கே அவரைத் தெய்வம்போல் நினைக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த மரத்தின் பட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். “என்னங்க பார்க்கிறீங்க?” என்றேன். “நல்லா வெட்டியிருக்கான். காயமே படல” என்றார். நூறு வயதுக்கு மேற்பட்ட மரம். அதற்கு ஒரு பலகையும் வேலியும் இருக்கின்றன. மரத்துக்குக் கிடைத்தது மனிதருக்குக் கிடைக்கவில்லையே என்று அன்றைக்குத் தோன்றிய எண்ணம் பயணம் முழுவதும் என்னை விடவில்லை.

மழையில் நின்ற கார்

துங் சோங்கைத் தாண்டிய பிறகு பிடித்தது பாருங்கள் மழை! வானமும் பூமியும் ஒன்றாகிவிட்டன. கண்ணாடி துடைப்பான் ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று முன்பக்கம் ‘புஸ்’ என்று ஆவி. தண்ணீர் வாளியின் ரப்பர்க் குழாய் வெடித்துவிட்டது. மாலை ஆறு மணி. சுற்றிலும் பால்மரக் காடு. கைப்பேசியில் கோடு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அழாதே டீச்சர். லாரி நடுக்காட்டுல நிக்காத நாளா?” என்று குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அரை மணி கழித்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பேச மொழி இல்லை. என் வீட்டுக்காரர் வெடித்த குழாயைத் தூக்கிக் காட்டினார். அவன் சிரித்துவிட்டு, கையால் “இருங்கள்” என்று காட்டிவிட்டுப் போனான். திரும்பி வரும்போது ஒரு பழைய பிக்கப் வண்டியும் அவன் அப்பாவும் வந்தார்கள். கயிறு கட்டி இழுத்துப் போய், அவர்கள் வீட்டோடு ஒட்டிய பட்டறையில் நிறுத்தினார்கள்.

அதே அளவுக் குழாய் கிடைக்கவில்லை. வேறு வண்டியின் குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் கவ்வி போட்டு இறுக்கினார்கள். என் வீட்டுக்காரரும் அந்தப் பெரியவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டு ஒரே வேலையைச் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் வீட்டம்மா எனக்கு மாற்றிக்கொள்ள ஒரு சாரோங்கைக் கொடுத்து, சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் வைத்தார். மஞ்சள் போட்டுப் புளிப்பும் காரமுமாக இருந்த அந்தக் குழம்பு, நம் வீட்டு மீன் குழம்புக்குத் தங்கை முறை என்று சொல்லலாம்.

குழாய்க்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கூலியை வாங்கவே இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கையால் கேட்டார் பெரியவர். “காஞ்சனபுரி” என்றேன். ரயில் என்பதற்குக் கையை ஆட்டிக் காட்டி, “தாத்தா” என்று சொல்லி, நெஞ்சில் கைவைத்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. உள்ளே போய் இரண்டு ஊதுவத்திக் கட்டுகளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

கடலும் மலையும் ஒரு கைப்பிடி நிலமும்

மூன்றாம் நாள் சூராட்தானி தாண்டிச் சும்போன். இந்த ஊரிலிருந்தும் ஜப்பானியர் 1943-இல் ஒரு ரயில் பாதை போட்டார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிரா பூசந்தியின் குறுக்கே மேற்குக் கரை வரைக்கும் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். அதைப் போட்டவர்களும் மலாயாவிலிருந்து கொண்டு போன தொழிலாளர்கள்தாம். யுத்தத்துக்குப் பின் அதன் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, இன்று அந்த வழியில் தார்ச்சாலை ஓடுகிறது.

அன்றிரவு பிராச்சுவாப் கிரிகானில் தங்கினோம். கடலுக்கும் பர்மா எல்லைக்கும் இடையில் தாய்லாந்து மிகக் குறுகிப்போகும் மாநிலம் இது. ஓர் இடத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம்தான்! பிறைபோல வளைந்த கடற்கரை, அதன் நடுவே பாறை மலைகள், ஒரு குன்றின் மேல் கோயில், படியெல்லாம் குரங்குகள். என் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓடிற்று. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடமாயிற்று.

அவ்வளவு அழகான அந்தக் கடற்கரையில்தான் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை இறங்கிற்று. அதே நாளில் சொங்லா, பட்டாணி, நம் கோத்தாபாரு எல்லா இடத்திலும் இறங்கினார்கள். மூன்று நாளில் பினாங்கில் குண்டு விழுந்தது. அழகான இடம் என்றால் அங்கே துன்பம் நடந்திராது என்று எண்ணக்கூடாது.

பெயருள்ள கல்லும் பெயரில்லாத குழியும்

நான்காம் நாள் மலேசியா தினம். ராட்சபுரி வழியாகப் பான் போங் வந்தோம். அருகில்தான் நோங் பிளாடுக் ரயில் நிலையம். அங்கே தொடங்கிப் பர்மாவில் தான்பியூசயாட் வரையில் 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942-இன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனையையும் இணைத்துவிட்டார்கள். காடு, மலை, மழை, காலரா எதையும் பார்க்கவில்லை. பர்மாப் படைக்குச் சாமான் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் அளவில் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்பார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல். பெரும்பகுதி நம் தோட்டத்துத் தமிழர்கள்.

காஞ்சனபுரி நகரின் நடுவில் யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழாயிரம் கல். புல்லைக் கத்தரித்து, ஒவ்வொரு கல்லின் அடியிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, பத்தொன்பது... அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே என்று கலங்கினேன். ஒரு கல்லையாவது தமிழ்ப் பெயருக்காகத் தேடின என் கண்கள். அது படைவீரர்களின் இடம். நம்மவர்களுக்கு அங்கே இடமில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? போர்க்கைதிகளுக்குள்ளே அதிகாரிகள் இருந்தார்கள், வைத்தியர்கள் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது கணக்கு எழுதினார்கள். யார், எங்கே, எப்போது புதைக்கப்பட்டார் என்று குறித்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தக் குறிப்பைக்கொண்டு தோண்டி எடுத்து மரியாதை செய்தார்கள். நம் ஆட்களுக்கு எழுதிவைக்க யாரும் இல்லை. வைத்தியம் இல்லை. காலரா கண்டவர்களைக் கும்பலாகப் புதைத்தார்கள். 1990-இல் அதே நகரில் ஒரு குழி தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. எழுத்துத் தெரியாததற்கு நம் இனம் கொடுத்த விலை இது என்று ஓர் ஆசிரியையாக எனக்குப் பட்டது.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்னும் புத்தர் கோயில். அங்கேதான் 2023-இல் மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் சேர்ந்து ஆசியத் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பினார்கள். வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் சொல்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கல்லைக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. யுத்தம் முடிந்து எழுபத்தெட்டு ஆண்டு கழித்து வந்த கல்! வந்ததே என்று கும்பிட்டேன்.

சூடம் கொளுத்தினோம். அந்தத் துங் சோங் பெரியவர் கொடுத்த ஊதுவத்தியையும் ஏற்றினோம். ஜார்ஜ்டவுனுக்குக் கைப்பேசியில் படத்தோடு அழைத்தேன். தம்பி அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“தெரியுதாப்பா?”

“தெரியுது பாப்பா. கொஞ்சம் கிட்ட காட்டு.”

காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. அழுகிறாரோ என்று பார்த்தேன், அழவில்லை. பிறகு கேட்டார்:

“அங்க நிழல் இருக்காம்மா?”

சுற்றிப் பார்த்தேன். கோயில் மரத்து நிழல் மாலை வெயிலில் நீண்டிருந்தது.

“இருக்குப்பா.”

“அது போதும்” என்றார்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. பயிர் நோய் பரவும் என்று சட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கிக் கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர்தான் கைப்பேசியை வாங்கி, “மாமா, மண்ணு அங்கேயே இருக்கட்டும். அவருகூட இருக்கட்டும்” என்றார். “சரிங்க மாப்பிள்ளை” என்று அப்பா உடனே ஒத்துக்கொண்டார். மருமகன் சொல்லுக்கு எப்போதும் அங்கே மதிப்பு அதிகம்!

ஆற்றோரத்து ரயில்

மறுநாள் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறினோம். ஆம், மிச்சமுள்ள அந்தப் பாதையில் நாம் தோக் என்னும் ஊர் வரையில் இன்றும் ரயில் ஓடுகிறது. உலகப் பிரசித்தி பெற்ற இரும்புப் பாலத்தின் மேல் ஊர்ந்து போகிறது. 1957-இல் இந்தப் பாலத்தை வைத்து ஆங்கிலப் படம் வந்து உலகமெங்கும் ஓடிற்று. அதைப் படம் பிடித்தது இங்கேயல்ல; இலங்கையில் கித்துல்கலை என்னும் ஊரில். அந்தக் கதையில் நம் தோட்டத்தாருக்கு இடமே இல்லை. ஆனால் பாலத்துக்கு அருகே ஜப்பானியர் 1944-இல் தாங்களே எழுப்பிய ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. இறந்தவர்களின் மொழிகளில் எழுதிய பலகைகளில் தமிழும் உண்டு. வேலை வாங்கிக் கொன்றவனுக்கும் அப்போது மனசாட்சி உறுத்தியதோ என்னவோ!

வாங் போ அருகில் ரயில் மலையை ஒட்டி, மரக்கால்கள் தாங்கும் பாலத்தின் மேல் மெல்ல ஊர்கிறது. ஒரு பக்கம் கைநீட்டினால் பாறை. மறுபக்கம் கீழே குவாய் நோய் ஆறு. பச்சை நிறத் தண்ணீர், அக்கரையில் மூங்கில் காடு, தூரத்தில் நீல மலை. ரயிலில் எல்லாரும் எழுந்து படம் எடுத்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். “ஆத்தோரமா படுத்திருந்தாரு” என்று சொன்னாரே, அது இந்த ஆறுதான். எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஆறு முழுவதையும் பார்த்துக்கொண்டே போனேன்.

இன்னும் மேலே ‘நரகத்தீக் கணவாய்’ என்று பெயர் வைத்த இடம் இருக்கிறது. சுத்தியலும் உளியும் கொண்டு பாறையைப் பிளந்த இடம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புக்கூடுகள்போல் ஆட்கள் வேலை செய்ததால் அந்தப் பெயர். ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998-இல் அங்கே ஒரு காட்சிக்கூடம் அமைத்திருக்கிறது. பாறையில் உளி போட்ட ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அதில் என் விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு

திரும்பி வர மூன்று நாள். ஒட்டுப்போட்ட குழாய் பினாங்குப் பாலம் வரையில் ஒழுகவே இல்லை! எண்ணெய், தங்கல், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளி ஆயிற்று. நான்கு பேர் ஒரு காரில் போனால் ஆளுக்குக் குறையும்.

கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் தவணை இருக்க வேண்டும். 2025 மே முதல் தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். உங்கள் வீட்டுப் படித்த பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள். கார் உங்கள் பேரில் இல்லாவிட்டாலும், வங்கிக் கடன் இருந்தாலும், கடிதம் கையோடு இருக்கட்டும். வண்டியின் ரப்பர்க் குழாயும் பெல்ட்டும் பழையதா என்று புறப்படுமுன் பாருங்கள். என்னைப்போல் மழையில் அழ வேண்டாம். இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். காரில் போக முடியாதவர்களுக்குப் பாடாங் பெசாரிலிருந்து வடக்கே ரயில் இருக்கிறது.

ஒரு பயிற்சிப் புத்தகம்

நாங்கள் வீடு சேர்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. அப்பா குளித்து, வேட்டி கட்டி, இலை போட்டுப் படைத்தார். வழக்கமாக, “போனவங்க எல்லாருக்கும்” என்று சொல்லிக் கும்பிடுகிறவர், இந்த முறை தாத்தாவின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழைத்தார். எண்பத்து மூன்று வயதில் முதல் முறையாக!

பிறகு நான் வழி எழுதிய அதே பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அதற்கே அப்பா மூன்று தடவை நிறுத்தி யோசித்தார். இன்னும் ஐந்து வருடம் கழித்து உட்கார்ந்திருந்தால் அரைப் பக்கம்கூடத் தேறியிராது.

அன்பு வாசகர்களே, எல்லாராலும் காஞ்சனபுரிக்குப் போக முடியாது. ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்க எல்லாராலும் முடியும். உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சியை அடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். “சயாமுக்குப் போனவர் பேர் என்ன?” என்று கேளுங்கள். பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அன்று நம் ஆட்களின் பெயரை எழுதிவைக்க யாரும் இல்லை. இன்று நம் வீடுகளில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.